பன்னீர் நனைத்த லேஞ்சி

கோயில் நத்தார் மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று பாதர் கேட்டார். "கொரோனாவில இருந்து எழும்பி வந்தவங்க நீங்க. அனுபவத்தை எழுதித் தாங்க, சனத்துக்கு நம்பிக்கையா இருக்கும்" என்றார். இரண்டு பக்கம் போதுமாம். நான் தையல்காரி. சட்டைக்கு அளவெடுத்துக் கொப்பியில் குறிப்பதைத் தவிர வேறு எழுத்து எனக்குப் பழக்கமில்லை. எழுதத் தொடங்கினால் இரண்டு பக்கத்தில் அடங்கவும் இல்லை. இது நம்பிக்கை தருமா என்பதை அவரே வாசித்து முடிவு செய்யட்டும்.

என் பெயர் திரேசா. எங்கள் தெருவின் ஒரு முனையில் கோயில், மறுமுனையில் வாவி. இடையில் இருக்கும் கத்தோலிக்க வீடுகள் சேர்ந்து ஒரு செபக் குழு. அதற்கு அன்பியம் என்று பெயர். கொரோனா வந்த முதல் வருடம் அந்த அன்பியத்துக்கு நான்தான் தலைவி. தெருவில் எல்லாருக்கும் மாஸ்க் தைத்துக் கொடுத்தவளும் நான்தான். வெட்டுத் துணியில் இரண்டு மடிப்பு வைத்து, மூக்குக்கு மேலே மெல்லிய கம்பி வைத்துத் தைத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பின்னால் வருவதை வாசிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நத்தார் என்றால் யேசு பாலன் பிறந்த நாள். அதற்கு முந்திய நாட்களில் எங்கள் பாலன் வீடு வீடாகப் போவார். கைகளை விரித்துக்கொண்டு படுத்திருக்கும் சிறிய மரச் சுரூபம். ஒருவர் ஏந்திக்கொண்டு போக, மற்றவர்கள் பாடிக்கொண்டு பின்னால் போவார்கள். வீட்டில் உள்ளவர்கள் முழந்தாளிட்டுப் பாலனின் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்வார்கள். ஒவ்வொருவர் முத்தி செய்த பிறகும் ஏந்துபவர் பக்கத்தில் நிற்கிறவர் வெள்ளை லேஞ்சியால் பாதத்தைத் துடைத்துவிட வேண்டும். கோயிலுக்கு நடந்து வர முடியாத வயதானவர்கள் அந்தக் கைக்குட்டையும் பாலனும் தங்கள் வாசலுக்கு வரும் ஒரு நாளுக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பார்கள்.

அந்த வருடம் கரோல் இல்லை என்று பாதர் சொல்லிவிட்டார். பூசைக்கே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். "இந்த முறை பாலன் கோயிலிலேயே இருப்பார், நீங்கள் வீட்டில் இருந்து செபியுங்கள்" என்றார். நாங்களும் ஆமென் சொன்னோம்.

எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு சவிரி அண்ணனுடையது. எழுபது தாண்டிய மனிதர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி ரோசக்கா. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "என்ன திரேசா, இந்த வருசம் பாலன் வரமாட்டாரா? மறுகா வருசம் நான் இரிக்கனோ இல்லையோ."

அந்த ஒரு பேச்சு எனக்குப் போதுமாக இருந்தது. எனக்கு எப்போதும் இந்தக் குணம். ஒன்றைச் செய்யாதே என்றால் அதைச் செய்ய எனக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடும்.

என் கணவரின் அக்கா எலிசபெத். நான் எலிசு மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். புருசனை இழந்தவர். ஒரே மகன் கட்டாரில். கோயில் பீடத்துச் சீலைகளைத் தோய்த்து அயர்ன் பண்ணுகிற வேலை அவருடையது. அதனால் கோயில் கதவுத் திறப்பு அவர் கையில் இருக்கும். பாதருக்குச் சொல்லாமல் நாங்கள் இரண்டு பேர் மட்டும் பாலனைக் கொண்டுபோவோம் என்றேன். மச்சாள் வெகுநேரம் யோசித்தார். "பாட்டுப் பாடாமப் போவம். சத்தம் இல்லாட்டி ஒருத்தருக்கும் தெரியாது" என்று கடைசியில் திறப்பை எடுத்தார்.

துடைக்கிற விசயத்தில் நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம் என்று நினைத்தோம். நோய் வந்த புதிதில் யாரோ பக்தி கூடிப்போய்ப் பாலனின் பாதத்தை சனிட்டைசர் விட்டுத் துடைத்ததில் இடது பெருவிரலின் வர்ணம் கழன்று மரம் தெரிந்தது. அதைக் கண்டு அழுதவர் மச்சாள். "ஸ்பிரிட் போட ஒண்ணவே ஒண்ணா. மற்ற விரலும் போயிரும்" என்றார். ஆகவே பன்னீர். நான் ஓரத்தில் லேஸ் வைத்துப் புதிதாக ஒரு லேஞ்சி தைத்தேன். அதைப் பன்னீரில் நனைத்துத் துடைத்தோம். மூன்று பின்னேரம், ஒன்பது வீடு, எல்லா வாய்க்கும் அந்த ஒரே லேஞ்சி. முத்தி செய்வதற்காக எல்லாரும் நான் தைத்துக் கொடுத்த மாஸ்க்கைக் கீழே இறக்கினார்கள்.

சவிரி அண்ணன் வீடுதான் கடைசி. அவர் முழந்தாளிட முடியாமல் கதிரையில் இருந்தபடி இரண்டு தரம் முத்தி செய்தார். ரோசக்கா எங்களுக்கு இஞ்சி போட்ட தேத்தண்ணி தந்தார். அந்த மாரியில் எங்கள் தெருவுக்கு நடந்த ஒரே நல்ல காரியத்தை நான் செய்துவிட்டதாகச் சந்தோசத்தோடு வீட்டுக்குப் போனேன்.

இரண்டு நாளில் தொண்டை கரகரத்தது. சனிக்கிழமை அந்த லேஞ்சியைத் தோய்ப்பதற்கு எடுத்தபோது பன்னீர் வாசம் வரவில்லை. மூக்கில் வைத்து அழுத்திப் பார்த்தேன். போத்தலைத் திறந்து முகர்ந்தேன். தண்ணீர் மாதிரி இருந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. ஞாயிறு காலை எனக்கும் மச்சாளுக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் இருந்தது. என் கணவருக்கு இல்லை.

அம்புலன்ஸ் வருவதற்கு முன்னர் பி.எச்.ஐ. தம்பி வந்தார். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் என்பது முழுப் பெயர். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று தேடி, தொடர்பு உள்ளவர்களை வீட்டோடு இருத்துவது அவர் வேலை. மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, பைலைப் பொலித்தீனில் சுற்றிப் பிடித்தபடி கேற்றுக்கு வெளியே நின்றார்.

"அம்மா, இந்தப் பத்து நாளுக்குள்ள யார் யார்ர வீட்ட போனீங்க?"

"ஒரு இடமும் போகல்ல தம்பி. மச்சாள்ர வீடு மட்டும்."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்க. ஒருத்தருக்கும் தண்டனை இல்ல. வீட்டோட இரிக்கச் சொல்லுவம், அவ்வளவுதான்."

"போகல்ல தம்பி."

அவர் எழுதிக்கொண்டார். என் கணவர் எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

ஏன் பொய் சொன்னேன்? நத்தார் நேரத்தில் ஒன்பது கேற்றிலும் நோட்டீஸ் ஒட்டுவார்கள் என்பது ஒரு காரணம். பாதருக்குத் தெரியாமல் நடந்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டி வரும் என்பது இன்னொன்று. இரண்டும் நான் எனக்கே சொல்லிக்கொண்டவை. தலைவி திரேசா தெருவுக்கே நோயைக் காவிக்கொண்டு போனாள் என்று யாரும் சொல்லக் கூடாது. அதுதான் உண்மைக் காரணம்.

நோயாளருக்கென்று ஒதுக்கிய ஆஸ்பத்திரி வாவியைப் பார்த்தபடி இருந்தது. எனக்கும் மச்சாளுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். போனதும் எக்ஸ்ரே. என் நெஞ்சுப் படத்தின் அடிப்பகுதி பஞ்சு அடைத்த தலையணை மாதிரி வெள்ளையாக இருந்தது. கறுப்பாக இருந்தால்தான் காற்று இருக்கிறது என்று டொக்டர் விளக்கினார். விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். இரத்தம் கொண்டுபோக வேண்டிய ஒட்சிசனில் நூற்றுக்கு எத்தனை பங்கு இருக்கிறது என்று அது காட்டும். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருக்க வேண்டும். எனக்குத் தொண்ணூற்றொன்று. மச்சாளுக்கு எண்பத்தொன்பது. ஆனால் மச்சாள் கட்டிலில் இருந்து தலை சீவிக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த வருத்தத்தின்ர கள்ளம் அதுதான்" என்றார் டொக்டர். "ஒட்சிசன் குறையிறது ஆளுக்குத் தெரியாது. நடப்பாங்க, கதைப்பாங்க, சைக்கிள் ஓடுவாங்க. தெரிய வரும்போது சுணங்கிப்போயிடும்."

டொக்டர் மச்சாளைப் பற்றித்தான் சொல்கிறார் என்றே அன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன்.

மூக்கில் குழாய், பிறகு முகத்தில் மாஸ்க். முதுகுப் பக்கத்து நுரையீரலுக்குக் காற்றுப் போக வேண்டும் என்று குப்புறப் படுக்கச் சொல்வார்கள். இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றில் ஊசி போடுவார்கள். அது குளவி கொட்டின மாதிரிக் கடுக்கும். மிஸ்ஸிமார், அதாவது தாதிமார், தலை முதல் கால் வரை மூடிய உடுப்பில் வருவார்கள். யார் எவர் என்று தெரியாததால் முதுகில் பேனையால் பெயர் எழுதியிருப்பார்கள். போகும்போதுதான் பெயர் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரி என்றபடியால் காசு ஒன்றும் கேட்கவில்லை. பயம்தான் மிச்சம்.

மச்சாளின் வீட்டு வளவு பள்ளம். மழை விடாவிட்டால் வாவித் தண்ணீர் உள்ளே வந்துவிடும். யன்னலால் வாவியைப் பார்த்துப் பார்த்து மிஸ்ஸிமாரிடம் அவர் கேட்டது ஒரே கேள்விதான். "முகத்துவாரம் வெட்டிட்டாங்களா புள்ள?" மண் திட்டை வெட்டிவிட்டால்தான் வாவித் தண்ணீர் கடலுக்குப் போகும். வீட்டுக்குத் திரும்பிப் போவதைப் பற்றித்தான் அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

என் கணவரைப் பதினான்கு நாள் வீட்டுக்குள் அடைத்துவிட்டார்கள். எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவர ஆளில்லை. திங்கள் காலை போன் அடித்தது. சவிரி அண்ணன்.

"திரேசா, ஆஸ்பத்திரிக் கேற்றில கஞ்சி குடுத்திருக்கன். உள்ளிக்கஞ்சி. ரோசா ரெண்டு பேருக்கும் சேத்துக் காய்ச்சினவ. சூட்டோட குடிங்க என்ன."

எழுபது வயது தாண்டிய மனிதர் மழைக்குள் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறார். ஐஸ்கிரீம் பெட்டியில் கஞ்சி. மூடியில் ரோசக்காவின் எழுத்தில் எங்கள் இரண்டு பேரின் பெயர். வார்டுக்குள் வந்த எதுவும் வெளியே போகாது என்பதால் வெறும் பெட்டிகளை அங்கேயே எரித்தார்கள். அந்தக் கஞ்சியில் எனக்கு உள்ளியும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமையும் கஞ்சி வந்தது. போனில் பேசும்போது இருமினார். மச்சாளுக்கும் கேட்கட்டும் என்று நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"கேட்டியா? அந்தாள் இருமுறார்" என்றார் மச்சாள்.

"மாரிக்காலம் மச்சாள். சளித் தடிமனா இருக்கும்."

"திரேசா."

அவ்வளவுதான் சொன்னார். நான் குப்புறத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நத்தார் முடியட்டும், வெள்ளிக்கிழமைதானே நத்தார், சனிக்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். அதுவரைக்கும் தடிமன் தடிமனாகவே இருக்கட்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். இப்படி ஒரு மன்றாட்டை மாதா கேட்டிருப்பாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

புதன்கிழமையும் கஞ்சி வந்தது. மச்சாளால் குடிக்க முடியவில்லை. ஒரு வாய் குடிக்க மாஸ்க்கை இறக்கினால் கிளிப்பின் எண் எழுபதுக்குப் போனது. மத்தியானம் டொக்டர் வந்து பார்த்துவிட்டு அதிதீவிரப் பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்றார். தள்ளுவண்டியில் ஏற்றும்போது மச்சாள் என் கையைப் பிடித்தார். மற்றக் கையால் மாஸ்க்கைத் தூக்கினார். மிஸ்ஸி வேண்டாம் வேண்டாம் என்று கத்தினார்.

"ஒம்பது வீடும் சொல்லு" என்றார். "பேர் பேராச் சொல்லு. நான்தான் திறந்து தந்த எண்டும் சொல்லு."

நான் ஓம் என்று தலையாட்டினேன். அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் சொல்லிவிட்டுப் போன பிறகும் அன்று பின்னேரம் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். இதை எழுதக் கூசுகிறது. எழுதாவிட்டால் மிச்சம் எல்லாம் பொய்யாகிவிடும்.

வியாழக்கிழமை, நத்தாருக்கு முதல் நாள் காலை, நாலாவது பெட்டி வந்தது. சவிரி அண்ணனின் போனும் வந்தது. "கஞ்சி... குடுத்திருக்கன்... புள்ள" என்றார். மூன்று சொல்லுக்கு மூன்று மூச்சு. சைக்கிள் ஓடுவாங்க என்று டொக்டர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பி.எச்.ஐ. தம்பிக்குப் போன் எடுத்தேன். வீடு வீடாக, பேர் பேராகச் சொன்னேன். பாலனைச் சொன்னேன். லேஞ்சியைச் சொன்னேன். கோயிலைத் திறந்தது மச்சாள் என்று மட்டும் சொல்லவில்லை. கூட்டிக்கொண்டு போனது நான் என்று சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை கேட்டனே அம்மா" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, "இண்டைக்குத்தான் ஞாபகம் வந்து சொன்னீங்க எண்டு எழுதுறன்" என்றார். அந்தப் பிள்ளை இரக்கத்தால் செய்தது. ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

அன்றைக்கே தெரு முழுவதும் பரிசோதனை நடந்தது. ஒன்பது வீட்டில் பதினொரு பேருக்கு இருந்தது. நத்தார் காலை அம்புலன்ஸ் மூன்று தரம் எங்கள் தெருவுக்குப் போனதாம். சவிரி அண்ணன் வந்து இறங்கியபோது கிளிப்பின் எண் எழுபத்துநாலு என்று மிஸ்ஸி சொன்னார். நேரே அதிதீவிரப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரோசக்காவை எங்கள் வார்டிலேயே, மச்சாள் கிடந்த கட்டிலில் போட்டார்கள். அவருக்குக் காய்ச்சல் மட்டும்தான்.

அன்று ஒரு மிஸ்ஸி தன் வீட்டில் செய்த கேக்கை வெட்டி எல்லாருக்கும் ஒவ்வொரு துண்டு தந்தார். சேலைன் தொங்கும் கம்பியில் யாரோ பஞ்சை உருட்டி நட்சத்திரம் செய்து கட்டியிருந்தார்கள். பாதர் வெறும் கோயிலில் பூசை வைத்ததைப் போனில் பார்த்தோம். பாலனைத் தொட்டிலில் வைக்கும்போது கமெரா கிட்டப் போனது. வர்ணம் போன அந்தப் பெருவிரல் தெரிந்தது. ரோசக்கா எட்டிப் பார்த்துக் கும்பிட்டார். நான் போனை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினேன்.

மச்சாள் அடுத்த நாள் செத்துப்போனார். முகம் பார்க்க விடவில்லை. அந்தக் காலம் இந்த நோயில் போனவர்களைப் புதைக்க அனுமதி இல்லை, எல்லாரையும் எரித்தார்கள். கல்லறைத் திருநாளில் தன் புருசனின் குழிக்குப் பக்கத்தில் புல் பிடுங்கி, இது என்ட இடம் என்று மச்சாள் காட்டியிருந்தார். தனிமைப்படுத்தல் முடிந்த பிறகு என் கணவர் போய்ச் சாம்பலை வாங்கிவந்து அந்த இடத்தில் ஒரு முழக் குழி வெட்டி வைத்தார். முகத்துவாரத்தை அதற்குள் வெட்டியிருந்தார்கள். மச்சாளின் வளவுக்குள் தண்ணீர் வரவில்லை.

சவிரி அண்ணன் மூன்று ராசாக்கள் திருநாளுக்கு முதல் நாள் போனார். மற்றப் பத்துப் பேரும் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறும் நாள் டொக்டரிடம் கேட்டேன். நாலு நாள் முந்திக் கொண்டுவந்திருந்தால் சவிரி அண்ணன் தப்பியிருப்பாரா? நான் ஏன் கேட்கிறேன் என்று டொக்டருக்குத் தெரியாது. "சொல்லேலாது அம்மா" என்றார். "சில பேருக்கு அந்த நாலு நாள்தான் எல்லாம்."

கோயில் திறந்தபோது என் வாய்க்குப் பூட்டுப் போடப்பட்டது. பி.எச்.ஐ. எழுதியபடி, வருத்தத்தில் கிடந்துகொண்டும் நினைவு வந்த உடனே உண்மையைச் சொன்னவள் என்று பாதர் என்னைப் பிரசங்கத்தில் குறிப்பிட்டார். பாலனைக் கொண்டுபோனதற்கு ஏசியவர்கள்கூட அதற்குப் பிறகு அடங்கிவிட்டார்கள். ரோசக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லாட்டி நானும் போயிருப்பன் புள்ள" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு ஞாயிறும் என் பக்கத்து வாங்கில்தான் இருக்கிறார். நல்ல மீன் வந்தால் எனக்கும் ஒரு பங்கு வரும். நானும் வாங்கிச் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறேன்.

இந்த வருடம் பாலன் திரும்பவும் வீடு வீடாகப் போகிறார். தலைவணங்கினால் போதும், முத்தி இல்லை. புது லேஞ்சி தைத்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றேன். அதற்குப் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

இதுவரை எழுதியதை நேற்றுப் பின்னேரம் ரோசக்காவிடம் கொண்டுபோனேன். அச்சில் வந்து மற்றவர்கள் வாசிக்க முந்தி அவர் வாசிக்க வேண்டும். ரோசக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, சவிரி அண்ணனின் கதிரையில் இருந்து மெதுவாக வாசித்தார். சில தாள்களை இரண்டு தரம் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். இரு என்று அவர் சொல்லவில்லை.

வாசித்து முடித்துத் தாள்களை அடுக்கி என் கையில் தந்தார். அழவில்லை. ஏசவும் இல்லை.

"நாலு எண்டு எழுதியிருக்காய்" என்றார்.

"ஓம் ரோசக்கா."

"அஞ்சு. ஞாயித்துக்கிழமை பின்னேரமும் குடுத்துவிட்டனான். நீங்க போய் இறங்கின உடனே அவர் வெளிக்கிட்டுட்டார். அது உங்களுக்குக் கிடைக்கல்ல போல." கண்ணாடியைக் கழற்றிச் சீலையில் துடைத்தார். "என்னட்ட இருந்தது அஞ்சு ஐஸ்கிரீம் பெட்டி. அஞ்சும் முடிஞ்சிட்டு. வெள்ளிக்கிழமைக்கு எதில குடுத்துவிடுறதெண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தன்."

பிறகு, "திருத்திப்போட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பேனையை எடுத்தேன். மேலே நாலு என்று எழுதிய இடங்களில் கை வைக்கவில்லை. அது நான் எண்ணிய கணக்கு. பெட்டிக்கு ஒரு நாளாக ரோசக்காவின் கணக்கு ஐந்து நாள். அதுதான் சரி.